கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்

"ரங்கன் மகன் சுப்பையா! ரங்கன் மகன் சுப்பையா உண்டா?"

மலாக்காப் பட்டணத்துப் பெரிய கோர்ட்டின் மேல்படியில் நின்று, சிவப்பு டவாலி போட்ட பியூன் கூவினார். அந்தக் குரல் எதிரே இருந்த திடலைத் தாண்டி, ஆற்றங்கரையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போயிருக்கும். மரத்தடியில் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்த கூட்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டு, யாரந்தச் சுப்பையா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

நானும் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். எல்லோரும் பார்க்கும்போது நாங்கள் மட்டும் பார்க்காமல் இருந்தால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? சுப்பையா யாரென்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். என் அப்பாதான்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "வாயத் தொறந்தே, தோலை உரிச்சிருவேன்" என்றாள் உதடு அசையாமல்.

காரணம், எங்களுக்கு ஒரு கை தூரத்தில், மடியில் கச்சான் பொட்டலத்தோடு என் வருங்கால மாமியார் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டுப் பெருமை

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் வீட்டு மாடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த என் மகள், "மாட்டுக்கு இத்தனை பக்கம், தாத்தாவுக்கு ஒரு வரிகூட இல்லையாம்மா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்த வாரம் மனிதர்களிடம் வருகிறேன்.

அப்பாவுக்குப் பாயா ரும்புட்டில் பால் வியாபாரம். நிலம் கிடையாது. படிப்பு கிடையாது. தலையில் முடியும் அதிகம் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பெருமை. "எங்க பரம்பரையில ஒருத்தன்கூட கோர்ட்டுப் படி மிதிச்சதில்ல" என்பார்.

இதை எங்கே சொல்வார் என்று கணக்கே இல்லை. புண்ணாக்கு வாங்கப் போனால் சொல்வார். கோயில் கூட்டத்தில் சொல்வார். "என்ன பால்காரரே, பால்ல தண்ணி ஜாஸ்தியா இருக்கே" என்று யாராவது கேட்டால், அதற்கும் இதுதான் பதில். கேட்டவர் தண்ணீரை மறந்துவிட்டு, "அது சரிதான், மானமுள்ள குடும்பம்" என்று சொல்லிச் செம்பை வாங்கிக்கொண்டு போவார்.

சிரிக்காதீர்கள். அந்த நாளில் எல்லோரும் இப்படித்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து கோர்ட்டுக்குப் போனவன் என்றால், கத்தியால் குத்தியவனாக இருப்பான், இல்லாவிட்டால் சொல்லாமல் ஓடிப்போய்ப் பிடிபட்டவனாக இருப்பான். சாட்சி சொல்லப் போனவரைக்கூட ஊர் தனியாகப் பிரித்துப் பார்க்காது. குத்தியவனும் அதே படி, பார்த்தவனும் அதே படி. ஏறிவிட்டால் முடிந்தது.

என்னைப் பெண் பார்க்க நியாலாஸ் தோட்டத்து மண்டோர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். மண்டோர் என்றால் ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர்களை மேய்க்கும் வேலை. மாப்பிள்ளையின் அம்மா என் பல்லைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தார். கடைசியில் சொன்னார்:

"நக நட்டெல்லாம் உங்க இஷ்டம். கோர்ட்டுப் படி ஏறாத குடும்பமா இருந்தாப் போதும். எங்க வீட்டுக்காரரு நெழலுகூட அந்தப் படியில விழுந்ததில்ல."

மாட்டுக் கொட்டகையிலிருந்து இதைக் கேட்ட அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நல்ல நாளில் மண்டோர் நேரில் வருவார், அப்பாக்கள் இருவரும் தாம்பூலம் மாற்றிக்கொள்வார்கள், பேச்சு உறுதியாகும் என்று முடிவானது.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்குச் சம்மன் வந்தது.

வாய் செய்த வினை

எல்லாம் அப்பாவின் வாயால் வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் அலோர் காஜாவுக்கு ஒரு மாடு பார்க்கப் போயிருந்தார். அங்கே சந்தைத் தெருவில், விறகு ஏற்றிவந்த வீரன் என்பவனின் மாட்டுவண்டி மீது ஒரு பஸ் மோதியது. பெரிய கூட்டம். வண்டியைக் குறுக்கே விட்டதாக வீரனைத்தான் பிடித்தார்கள். அப்பா பேசாமல் வந்திருக்கலாம். "தப்பு பஸ்ஸு மேலலா! நான் பார்த்தேன்லா!" என்று கத்தியிருக்கிறார். போலீஸ்காரர் பேரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா மாட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சம்மனை அம்மா தொடக்கூட இல்லை. இடுக்கியால் பிடித்து, டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

"போகாம இருந்தா?" என்றாள்.

"மாத்தா வீட்டுக்கே வந்துருவான்" என்றார் அப்பா. மாத்தா என்றால் போலீஸ்காரர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பிறகு மாட்டுக்குப் புல்லைப் போட்டுக்கொண்டே, "வீரன் பாவம்டி. நான் பார்த்தத நான் சொல்லலன்னா அவன் உள்ள போயிருவான்" என்றார்.

அப்பா நல்லவர். பாலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் யோக்கியர்.

இரண்டு நாள் யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டணத்தில் பால் ஊற்றிய காலத்தில் அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர் அல்லவா? "பக்கவாட்டுல ஒரு வாசல் இருக்கு. படியே கெடையாது. தரையோட தரை. அந்த வழியாப் போயி, சொல்லவேண்டியதச் சொல்லிட்டு, அதே வழியா வந்துருவேன்."

அந்த வாசல் எதற்கு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே.

கல்யாணச் சேலை எடுக்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, மூன்று பேரும் கிளம்பினோம்.

இரண்டு கைப் படி

அந்தக் கோர்ட்டை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

முன்பக்கம் முழுக்கத் தூண்கள். ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அவற்றில் பாதி எதையும் தாங்கவில்லை, சும்மா நிற்கின்றன என்று பிற்பாடு ஒரு கொத்தனார் சொன்னார். சர்க்கார் கட்டடத்தில் சிலர் அப்படி நிற்பது வழக்கம்தானே என்றேன். சுவர், ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம் போலக் கனம். பச்சைச் சட்டம் அடித்த உயரமான ஜன்னல்கள். உச்சியில் ஒரு கடிகாரம், அது யாருடைய நேரத்தையும் சட்டை செய்யாமல் தன் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விட அழகு அந்தப் படிதான். ஒரே நேர்ப்படி இல்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் வளைந்து ஏறி, மேலே ஒரு சின்ன மேடையில் சேரும். யாரோ இரண்டு கையையும் விரித்துக் கூப்பிடுவதுபோல இருக்கும். அப்படிக் கூப்பிட்டும் எங்கள் ஜனம் போகப் பயந்தது.

படி ஏறத்தான் பயம். படிக்கு எதிரே உட்கார யாருக்கும் பயமில்லை. கோர்ட்டு நாள் என்றால் திடலில் தேர்த் திருவிழாதான். கச்சான் விற்கும் முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் காக்கா, ஒரு பக்கம், ஐஸ் போட்ட செண்டோல் பானம் விற்கும் சீனர் ஒரு பக்கம், படி வளைவுக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். சம்பந்தமே இல்லாதவர்கள் தூக்குச்சட்டியில் சோற்றோடு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று மாலைவரை காத்திருப்பார்கள். உள்ளே ஜட்ஜ் துரை ஒரு தீர்ப்புச் சொல்வார், மரத்தடியில் ஒன்பது தீர்ப்புச் சொல்வார்கள். மரத்தடித் தீர்ப்பில் யாரும் தப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மரத்தடியில்

அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசலில் நுழைந்தார். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்து மூச்சு விடவில்லை, "என்ன ஆத்தா, இந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். நியாலாஸ் மண்டோர் சம்சாரம்!

"சேல எடுக்க வந்தோம்" என்றாள் அம்மா. "நீங்க?"

"நாங்களும் வேட்டி எடுக்கத்தான். ஒங்க வீட்டுக்காரரு?"

"வெல பேசப் போயிருக்காரு."

"எங்காளும் அதுக்குத்தான் போயிருக்காரு."

துணிக்கடைத் தெரு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மகனும் கூட வந்திருப்பதாகவும், வலப்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் மாட்டுக்குக் காவல் இருப்பதாகவும் அவர் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்று கழுத்து நரம்பெல்லாம் இழுத்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு அழுதுகொண்டிருந்தாள். வீரனின் மனைவி. "ரெண்டு பேரு பார்த்தாங்களாம். அவங்க வந்து சொன்னாத்தான் எங்காளு வீடு திரும்பும். யாருன்னுகூடத் தெரியலயே" என்று கச்சான் காக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பியூன் படியில் வந்து நின்று கூவினார். படியைப் பற்றி அத்தனை யோசித்த அப்பா, இதை யோசிக்கவில்லை. கோர்ட்டில் சாட்சியின் பெயரை ஊருக்கே கேட்கக் கூவுவார்கள்!

நல்ல வேளை, அப்பாவைப் பால்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்குச் சுப்பையா என்ற பெயர் தெரியாது. அடுத்து பியூன், "மாரி மகன் அழகப்பன்!" என்று கூவினார். அது யாரென்று எங்களுக்கும் தெரியாது. மாமியார் மட்டும் கச்சானை ஓட்டோடு மென்றார்.

அப்பா வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை கூவியும் வரவில்லை.

"மூணாவது தடவ கூப்பிட்டு வரலேன்னா முடிஞ்சுதுலா" என்றார் காக்கா. "சாட்சி இல்லேன்னு கேஸ முடிச்சிருவாங்க. வராதவனுக்கு வாரண்டு."

வீரனின் மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "ஐயா சுப்பையா, எங்கய்யா இருக்கே?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மாவின் பிடி இன்னும் இறுகியது. எனக்கு மாமியார் தெரிந்தார், நின்றுபோகப்போகும் கல்யாணம் தெரிந்தது, அந்தப் பெண் முகமும் தெரிந்தது. அழுகை வந்தது. பியூன் மூன்றாம் தடவைக்கு மூச்சை இழுத்தார். நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"எங்கடி போறே!" என்று அம்மா கத்தியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

மேல்படி

இடப்பக்கப் படியில் ஏறினேன். எங்கள் பரம்பரையில் முதல் ஆள். சேலை தடுக்கியது, பாதி வழியில் வளையல் ஒன்று உடைந்தது. மேலே மேடைக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, "கூப்பிடாதீங்க! எங்கப்பா உள்ளதான் இருக்காரு, பக்கவாட்டு வாசல்ல!" என்றேன்.

அதே சமயம் வலப்பக்கப் படியில் ஒருவர் ஓடிவந்து, "எங்கப்பாவும்தான்! அதே வாசல்ல!" என்றார். மாநிறம், மூக்கு வியர்த்திருந்தது. சட்டையில் வைக்கோல்.

பியூன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது கைதிங்களக் கொண்டுபோற வாசல்! சாட்சிங்க ஏன் அங்க போனாங்க?"

நான் படியைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். பதில் எங்கள் காலடியில் இருந்தது.

"நீ யாரு பொண்ணு?"

"சுப்பையா மக. பாயா ரும்புட் பால்காரரு."

அந்த ஆள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ?"

"அழகப்பன் மகன். நியாலாஸ் மண்டோரு."

இப்போது நான் திடுக்கிட்டேன். பெண் பார்க்கும் நாளில் தலை நிமிரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோர்ட்டு வாசலில் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நன்றாகவே பார்த்துவிட்டேன்.

கீழ்வாசல்

உள்ளே நடந்ததை அப்பா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். நுழைந்ததும் காவலுக்கு நின்ற மாத்தா, இவரும் கைதிதான் என்று நினைத்து, "டுடுக்! டியாம்!" என்று அதட்டினார். உட்கார், பேசாதே என்று அர்த்தம். சம்மனைக் காட்டலாம் என்றால் அது டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அப்பா வரிசையில் குந்திவிட்டார். பக்கத்தில் இவரைப்போலவே தலையில் துண்டு போட்ட ஒருவர்.

"என்ன கேஸு?" என்று அவர் கேட்டார்.

"கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா வந்தேன்."

"நானும் சும்மாதான் வந்தேன்."

இரண்டு சும்மாக்களும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தன. அப்பாவிடம் வெற்றிலை இருந்தது, பாக்கு இல்லை. அவரிடம் பாக்கும் சுண்ணாம்பும் இருந்தன, வெற்றிலை இல்லை. மாற்றிக்கொண்டார்கள். மாத்தாவும் கையை நீட்டினார், அவருக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார்கள். ஆற்றங்கரை வரைக்கும் போன பியூனின் குரல், அந்தக் கனத்த சுவருக்குள் மட்டும் வரவேயில்லை.

பியூன் ஆள் அனுப்பி இருவரையும் மேலே கொண்டுவந்தபோதும், கைதிகள் ஏறும் உட்பக்க மர ஏணி வழியாகத்தான் வந்தார்கள். நேரே குற்றவாளிக் கூண்டுக்குள், வீரனுக்குப் பக்கத்தில், முளைத்தார்கள். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இதில் யார் குற்றவாளி என்று கேட்டார். நானும் மண்டோர் மகனும் கதவோரம் நின்று பார்த்தோம். தலைக்கு மேலே பங்கா ஆடியது. கூரை அத்தனை உயரத்தில் இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் மேலே போய்த் திரும்பி வந்தது. அதற்கெல்லாம் காத்திருந்துதான் துபாஷி மொழிபெயர்த்தார்.

"பேருந்து எத்துணைத் தொலைவில் வந்துகொண்டிருந்தது?" என்றார் துபாஷி. அவர் தமிழ் அப்படி.

"மாடு கத்துனா கேக்குற தூரம்லா."

துபாஷி திணறினார். துரை விளக்கம் கேட்டார். "எந்த மாடு?" என்றார் துபாஷி.

"நல்ல மாடு" என்றார் அப்பா.

மண்டோர் சுருக்கமாக முடித்தார். "நான் பஸ்ஸுக்குள்ளதான் இருந்தேன் தொர. டிரைவரு ரோட்டப் பாக்கல. பின்னாடி திரும்பி வெத்தல கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"யாரிடம்?"

மண்டோர் கூண்டின் கட்டையைத் தடவினார். "எங்கிட்டதான்."

வீரனை விட்டுவிட்டார்கள்.

தாம்பூலம்

அப்பாக்கள் இருவரும் முன்பக்கப் படி வழியாகவே கீழே வந்தார்கள். "ஏறத்தான் கூடாது. எறங்கலாம்" என்று அப்பா வழியிலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார். நாங்கள் பின்னால் வந்தோம். வீரனின் மனைவி கீழே ஓடிவந்து அப்பாவின் காலைத் தொடப்போனாள், அவர் கூச்சத்தில் ஒரு படி பின்னால் ஏறிவிட்டார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார். என்னைப் பார்த்தார். "பொட்டப்புள்ள, ஊரே பாக்கக் கோர்ட்டுப் படி ஏறிட்டாளே! இந்தச் சம்பந்தம் எப்படி..."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானும்தான் ஏறுனேன்மா" என்றார் அவர் மகன். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது பியூனின் குரலைவிடப் பெரிதாகக் கேட்டது.

மாமியார் புருஷனைப் பார்த்தார். அவர் வாய் சிவந்திருந்தது. என் அப்பாவின் வாயும் சிவந்திருந்தது.

"சம்பந்தத்தப் பத்தி இப்பப் பேசி என்ன புண்ணியம்?" என்றார் மண்டோர். "தாம்பூலம் மாத்தியாச்சே."

"எங்க?"

பக்கவாட்டு வாசலைக் காட்டினார்.

"தட்டு இல்லாம, பெரியவங்க யாரும் இல்லாமயா?"

"மாத்தா இருந்தாரு. அவருக்கும் ஒரு வெத்தல குடுத்துட்டோம்லா."

மாமியார் மடியிலிருந்த மீதிக் கச்சானை எடுத்து என் கையில் கொட்டி, "உரிச்சுத் தின்னு. படி ஏறுனதுல எளச்சுப்போயிருப்பே" என்றார். அன்றைக்கே ஆற்றைத் தாண்டிப் போய், நிஜமாகவே சேலையும் வேட்டியும் எடுத்தோம்.

சம்பந்திகள் இருவரும் கடைசிக் காலம் வரை, "கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பேச்சு வரும்போதெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் வேறு வேலையாகப் பட்டணம் போனேன். அந்தப் பக்கம் கால் தானாகவே நடந்தது. இடப்பக்கப் படியில் நின்று நின்று ஏறி, மேல் மேடையில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் ஓடிவரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் நின்றேன்.

சின்ன வயதுப் பியூன் ஒருவர் வந்து, "என்ன கேஸும்மா?" என்று கேட்டார்.

"கேஸெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "சும்மா வந்தேன்."